பதின்மூன்று வாக்குகளின் ஊர்

பக்கிங்காம் கால்வாய்க்கு லண்டன் அரண்மனையின் பெயரைச் சூட்டினார்கள் என்று நினைப்பவர்கள் சென்னையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த அரண்மனைக்கும் நம் கால்வாய்க்கும் சம்பந்தமில்லை. அரண்மனையின் பெயர், ஜான் ஷெஃபீல்டு என்ற வேறொரு பக்கிங்காம் பிரபு 1703இல் கட்டிய வீட்டிலிருந்து வந்தது. சென்ற இதழில், பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாயைப் பார்த்தோம். அதற்குத் தன் பெயரைத் தந்தவர், அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த மூன்றாம் பக்கிங்காம்-சாண்டோஸ் டியூக். முழுப்பெயர் ரிச்சர்ட் டெம்பிள்-நுஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஒரு மனிதருக்கு ஐந்து குடும்பப் பெயர்கள். பெரிய இடத்துப் பெண்களைக் கட்டக் கட்ட, சொத்தோடு பெயரும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவர் வேலை தேடிச் சென்னைக்குக் கப்பலேற வேண்டிய நிலை எப்படி வந்தது? அதற்கு அவருடைய ஊரையும், ஊருக்கு வெளியே அவருடைய முன்னோர்கள் போட்ட தோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் சந்தை நகரம் பக்கிங்காம். ரயில் கிடையாது, இருந்த ரயிலும் 1964இல் நின்றுவிட்டது. பக்கத்து மில்டன் கீன்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கிரேட் ஊஸ் என்ற ஆறு ஊரை ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆறு என்கிறார்கள், காவிரிக்கரைக்காரர்கள் அதை வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள். டேனியர்களைத் தடுக்க 914இல் மூத்த எட்வர்டு என்ற சாக்சன் அரசர் இந்த வளைவில்தான் அரண் எழுப்பினார். அந்த அரணைச் சுற்றி ஊர் வளர்ந்தது, ஊரின் பெயரால் பக்கிங்காம்ஷயர் என்ற மாவட்டமே உண்டானது. ஆனால் மாவட்டத் தலைமை ஊரிடம் நிலைக்கவில்லை. எட்டாம் ஹென்றி காலத்திலேயே அது தெற்கே இருக்கும் எய்ல்ஸ்பரிக்கு நழுவிவிட்டது. பெயர் எங்களுடையது, அலுவலகம் அவர்களுடையதா என்ற இந்த ஆற்றாமையை வைத்துப் பின்னால் ஒரு குடும்பம் நன்றாகவே அரசியல் செய்தது.

சந்தை மேடு என்று அழைக்கப்படும் அகன்ற தெரு ஊரின் நடுவே சரிந்து போகிறது. செவ்வாயும் சனியும் இன்றைக்கும் சந்தை உண்டு. காய்கறி, மீன், பூச்செடி என்று கூடாரக் கடைகள். அக்டோபரில் பழைய அரசுப் பட்டயத்தின் உரிமையில் ராட்டினங்களோடு ஒரு திருவிழாச் சந்தை தெருவையே அடைத்துக்கொள்ளும். சந்தைத் திடலின் நடுவே, கொத்தளங்களோடு ஒரு குட்டிக் கோட்டை நிற்கிறது. பார்த்ததும் ஏதோ இடைக்காலத்து யுத்தம் நடந்த இடம் என்று தோன்றும். யுத்தம் ஏதுமில்லை. அது 1748இல் கட்டிய சிறைச்சாலை. வட்டமான முன்பகுதியை 1839இல் சேர்த்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், பக்கத்து கிராமமான காக்கோட்டில் பிறந்து, பின்னால் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில்வே ஹோட்டலைக் கட்டிப் புகழ்பெற்றவர். இப்போது சிறைக்குள் ஊர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்தச் சிறை ஏன் இங்கே, அதுவும் சந்தையை மறித்துக்கொண்டு? பதில் ஊருக்கு வெளியே, டியூக்கின் முன்னோர்கள் வாழ்ந்த ஸ்டோ மாளிகையில் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் ஆண்டுக்கு இரு முறை ஊர் ஊராகச் சென்று கூடிய காலம் அது. நீதிபதிகள் வந்தால் வக்கீல்கள், ஜூரிகள், சாட்சிகள், வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். விடுதிகளும் மதுக்கடைகளும் நிரம்பும். கோடைக்கால அமர்வும் எய்ல்ஸ்பரிக்குப் போய்விட்டபோது, ஸ்டோவின் கோபம் பிரபு தன் ஆட்களை வைத்து 1748இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே கொண்டுவந்து அதைப் பக்கிங்காமுக்கு மீட்டார். நீதிமன்றம் வந்தால் கைதிகளை வைக்க இடம் வேண்டுமே! அதற்குத்தான் இந்தக் குட்டிக் கோட்டை.

ஊர்மேல் அவருக்கு அப்படி என்ன பாசம் என்று கேட்டால், கணக்கு மிகச் சிறியது. பதின்மூன்று.

மேரி அரசி 1554இல் தந்த பட்டயத்தின்படி ஊரை நிர்வகிப்பவர்கள் ஒரு பெய்லிஃபும் பன்னிரண்டு நகர்மன்றத்தாரும். இந்த நகரம் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அந்த இருவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இந்தப் பதின்மூன்று பேருக்கு மட்டும்தான். ஊரில் மற்ற எவருக்கும் கிடையாது. பதின்மூவரில் ஒருவர் இறந்தால், மிச்சமிருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தப் பதின்மூன்று பேரையும் மனம் கோணாமல் வைத்துக்கொண்டால், நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் குடும்பச் சொத்து மாதிரி. 1832இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

ஊரைச் சுற்றும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பல கட்டடங்கள் புரியும். 1725இல் ஒரு பெருந்தீ ஊரில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. அதன் பிறகு எழுந்தவைதான் இன்று நாம் ரசிக்கும் சிவப்புச் செங்கல் முகப்புகள். தீக்குத் தப்பிய மிகப் பழைய கட்டடம் ஒரு சிற்றாலயம். 1475இல் புதுப்பித்தபோதும் நார்மன் காலத்து வாசலை அப்படியே விட்டுவைத்தார்கள். 1776இல் தேவாலயத்தின் கோபுரம் சரிந்து விழுந்தது. உடனே ஸ்டோ குடும்பத்து டெம்பிள் பிரபு பணம் தந்தார். முன்பு கோட்டை இருந்த குன்றின்மேல், 1777இல் தொடங்கி 1780இல் புதிய தேவாலயம் எழுந்தது. சிறையும் அவர்கள் தந்தது, கோயிலும் அவர்கள் தந்தது. பதின்மூவர் வேறு யாருக்கு வாக்களிப்பார்கள்?

இந்தக் குடும்பத்தின் மூலதனம் செம்மறி ஆடு. பீட்டர் டெம்பிள் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் 1571இல் ஸ்டோவைக் குத்தகைக்கு எடுத்தார்; மகன் ஜான் 1589இல் விலைக்கே வாங்கிவிட்டார். நான்கு தலைமுறைக்குப் பிறகு வந்த ரிச்சர்ட் டெம்பிள், மார்ல்பரோவின் படையில் பேரெடுத்த தளபதி, 1714இல் கோபம் பிரபு ஆனார். 1715இல் அவர் மணந்த ஆன் ஹால்சி, லண்டன் சதக்கில் இருந்த பெரிய பீர் ஆலையின் வாரிசு. கம்பளி நிலத்தைத் தந்தது, பீர் காசைத் தந்தது. அந்தக் காசில்தான் தோட்டம் விரிந்தது.

பக்கிங்காமிலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை மைல் நீளத்துக்கு, நூல் பிடித்தாற்போல் ஒரு சாலை. இருபுறமும் மரங்கள். ஏறி இறங்கிப் போகும் சாலையின் முடிவில், அறுபது அடி உயரமும் அறுபது அடி அகலமுமாக ஒரு கல் வளைவு நிற்கிறது. கொரிந்திய வளைவு என்று பெயர். நெருங்க நெருங்க, அதற்குள் நுழைந்து போகப்போகிறோம் என்றே தோன்றும். கடைசி நேரத்தில் சாலை திரும்பிவிடும். வளைவு ஆள் நுழைவதற்காகக் கட்டியதில்லை. மாளிகையின் படிக்கட்டில் நின்று பார்க்கும்போது எதிர்க் குன்றின் உச்சியில் ஏதாவது இருக்க வேண்டும், அதற்காக.

1765இல் இதை வரைந்தவர் தாமஸ் பிட், பின்னால் கேமல்ஃபோர்டு பிரபு. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்க வேண்டும். இவருடைய கொள்ளுத்தாத்தாவும் தாமஸ் பிட்தான். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி உள்ளிட்ட ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு வாங்கிச் சேர்த்தவர். அதே கோட்டையில் உட்கார்ந்துகொண்டு 1702இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு 410 காரட் வைரம் ஒன்றை வாங்கினார். பட்டை தீட்டி 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இப்போது அந்த வைரம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. சென்னையில் புரட்டிய செல்வம் நிலமாகவும் நாடாளுமன்ற இடங்களாகவும் மாறியது. கவர்னரின் பேரன் வில்லியம் பிட் 1754இல் ஸ்டோ குடும்பத்துப் பெண் ஹெஸ்டர் கிரென்விலை மணந்தார். அவரே பிரதமர் ஆனார், அவர் மகனும் பிரதமர் ஆனார். 1756இல் சில நாட்கள் பக்கிங்காமின் உறுப்பினராகவும் பெரிய பிட் இருந்தார். பதின்மூன்று வாக்குகளைச் சொந்தத்துக்குள் கைமாற்றாக எடுத்துக்கொள்ளலாம்.

வளைவைத் தாண்டினால் புது விடுதி என்ற கட்டடம். பெயர்தான் புது, வயது முந்நூறு. தோட்டம் பார்க்க வருபவர்கள் தங்குவதற்காகக் கோபம் பிரபு 1717இல் கட்டியது. இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அதைச் செப்பனிட்டு நுழைவாயிலாக வைத்திருக்கிறது. தனியார் தோட்டத்துக்கு விடுதி கட்டி ஆளைக் கூப்பிட்டால் வழிகாட்டி நூலும் வேண்டும். பக்கிங்காமில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த பென்டன் சீலி, 1744இல் தோட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு தோட்டத்துக்கென்றே முழுமையாக எழுதிய வழிகாட்டி நூல்களில் இங்கிலாந்தில் இதுவே முதல் என்கிறார்கள். அது சக்கைப்போடு போட்டது. பதிப்பு மேல் பதிப்பு வந்து, சீலி புத்தகக்கடைக்காரர் ஆகிவிட்டார்.

சரி, அப்படி என்ன தோட்டம்?

நம் ஊரில் தோட்டம் என்றால் பாத்தியும் பூவும். இங்கே பூ தேடினால் ஏமாற்றம்தான். சுமார் 250 ஏக்கரில் புல், நீர், மரம். அவற்றுக்கிடையே கோயில், பாலம், தூண், நினைவுச்சின்னம் என்று நாற்பது கட்டடங்கள். கோயில் என்றால் வழிபாடு கிடையாது. கிரேக்க, ரோமானிய வடிவத்தில் கட்டிய வெறும் மண்டபங்கள். சார்லஸ் பிரிட்ஜ்மேன், வான்புரூ, கிப்ஸ், வில்லியம் கென்ட் என்று அந்தக் காலத்தின் பெரிய கைகள் எல்லாம் இங்கே வேலை பார்த்திருக்கின்றன. பிரிட்ஜ்மேன் கொண்டுவந்த ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே பள்ளம் வெட்டி, தோட்டத்துப் பக்கச் சரிவில் மட்டும் செங்குத்தாகச் சுவர் வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது. புல்வெளி அடிவானம் வரை ஒரே விரிப்பாக ஓடும். மாடு மட்டும் உள்ளே வராது. நடந்து வருபவர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் திடுக்கிட்டு எழுப்பும் சத்தத்தை வைத்து அதற்கு ‘ஹா-ஹா’ என்று பெயர் நின்றுவிட்டது.

1741இல் தலைமைத் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் லான்சலாட் பிரவுன். ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பின்னால் நாடே கொண்டாடிய ஆள். மாளிகைக்கு வடகிழக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இயற்கையாகவே மென்மையாகச் சரிந்த நிலம் என்று நினைப்போம். கூலியாட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வெட்டி எடுத்தது அது. பிரவுன் இங்கே 1744இல் ஸ்டோ தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டார். கோபம் பிரபு இறந்து தோட்டம் வாரிசுகள் கைக்கு மாறியபின் 1751இல் கிளம்பி, நாடு முழுவதும் பிரபுக்களின் நிலங்களை இதே பாணியில் மாற்றினார். நேர்வரிசைகளை அழித்து, வளைவும் சரிவும் ஏரியுமாக நிலத்தைத் திருத்தும் அந்தப் பாணியைத்தான் உலகம் ஆங்கிலத் தோட்டம் என்கிறது.

பிரவுனின் கல்யாணம் நடந்த அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் மரம் நட்டு மறைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் அதைச் சுற்றி ஸ்டோ என்ற கிராமம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நிலத்தை வளைத்துப் போடத் தொடங்கியதிலிருந்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. குடிகள் பக்கத்து டாட்ஃபோர்டுக்குப் போனார்கள். கோயிலை இடிக்க முடியாது, கல்லறைகளைக் கிளப்ப முடியாது என்பதால் அவை மட்டும் தங்கின. வாக்கு இருந்த ஊருக்குச் சிறையும் கோபுரமும் கிடைத்தன. வாக்கு இல்லாத ஊர் பார்வையை மறைக்கிறதென்று போய்விட்டது.

தோட்டத்தின் இதயம் கென்ட் 1730களில் அமைத்த சிறு பள்ளத்தாக்கு. இது அரசியல் கோபத்தில் பிறந்தது. பிரதமர் வால்போல் 1733இல் மதுவுக்கும் புகையிலைக்கும் கலால் வரி போட முயன்றார். கோபம் எதிர்த்தார், அவருடைய படைப்பிரிவு பறிக்கப்பட்டது. பிரபு ஊருக்கு வந்து, பேச வேண்டியதையெல்லாம் கல்லில் பேசினார். மேட்டில் பழங்கால ஒழுக்கத்துக்கு ஒரு வட்டக் கோயில், உள்ளே ஹோமர், சாக்ரடீஸ், லைகர்கஸ், எபமினோண்டஸ். அதன் பக்கத்திலேயே இக்கால ஒழுக்கத்துக்கு ஒரு கோயில்; வேண்டுமென்றே இடிபாடாகக் கட்டியது, உள்ளே தலையில்லாத ஒரு சிலை. அது வால்போல்தான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். இன்று அந்த இடிபாடும் இடிந்து, அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஓடைக்கு எதிர்க்கரையில் வளைந்த சுவரில் மாடங்கள், மாடத்துக்கு ஒரு மார்பளவுச் சிலையாகப் பதினாறு பேர். ஒரு பக்கம் சிந்தனையாளர்கள்: ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன், பேக்கன், லாக் முதலானோர். மறுபக்கம் செயல்வீரர்கள்: ஆல்ஃபிரட் அரசர், டிரேக், ராலி முதலானோர். ஒரே பெண், முதலாம் எலிசபெத். சுவரின் பின்புறம் போனால் கோபமின் நாய் ஒன்றுக்கும் புகழுரை வெட்டியிருக்கிறது. பிரபுவுக்கு நகைச்சுவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செயல்வீரர் வரிசையில் பக்கிங்காம்ஷயர்க்காரர் ஒருவர் உண்டு, ஜான் ஹாம்ப்டன். நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் முதலாம் சார்லஸ் போட்ட வரியைக் கட்ட மாட்டேன் என்று நின்றவர். கொஞ்சம் தள்ளிக் குன்றின்மேல், 1741இல் தொடங்கிய ஒரு கோதிக் கட்டடம் தேன் நிறக் கல்லில் மின்னுகிறது. அதற்குச் சுதந்திரத்தின் கோயில் என்று பெயர்.

இந்தச் சிலைகள் நிறுவப்பட்ட காலத்தில் இந்த வீட்டில் புழங்கி அரசியல் கற்றவர்களில் ஒருவர் கோபமின் மருமகன், சகோதரி மகன் ஜார்ஜ் கிரென்வில். 1741 முதல் 1770இல் இறக்கும்வரை பக்கிங்காமின் பதின்மூவர் அவரையே அனுப்பினார்கள். 1763இல் பிரதமர் ஆனார். 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது, அவர்களின் சம்மதம் கேட்காமலே, முத்திரைத்தாள் வரியைப் போட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஹாம்ப்டனின் சிலையை இளவயதிலிருந்து பார்த்தவருக்கு இது உறைக்கவில்லை என்பதைச் சிலைகளின் பயனைப் பற்றிய ஒரு தகவலாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 1786 ஏப்ரலில் இந்தத் தோட்டத்தைப் பார்க்க இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து வந்தார்கள்: ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திர நாட்டின் தூதர்களாக ஐரோப்பாவில் இருந்தவர்கள், பின்னால் இருவரும் ஜனாதிபதிகள். ஜெஃபர்சனுக்கு நேர்கோட்டுச் சாலை பிடிக்கவில்லை. அந்தப் பெரிய வளைவால் ஒரு பயனுமில்லை என்று குறித்து வைத்தார். மதுக் கடவுளுக்கும் காதல் தேவதைக்கும் எதற்குக் கோயில் என்பது ஆடம்ஸின் கேள்வி.

பிரவுன் வெட்டிய பள்ளத்தாக்கின் தலைமாட்டில், இணக்கத்துக்கும் வெற்றிக்கும் என்று கிரேக்கப் பாணியில் ஒரு பெரிய கோயில். ஏழாண்டுப் போர் முடிந்ததும் அதன் உட்சுவரில், அந்தப் போரில் கிடைத்த வெற்றிகளை வட்டச் சிற்பங்களாகப் பதித்தார்கள். கியூபெக், மான்ட்ரியல், ஹவானா என்று போகும் அந்த வரிசையில் புதுச்சேரியும் இருக்கிறது. 1761 ஜனவரியில் அயர் கூட்டின் முற்றுகையில் பசியால் வீழ்ந்த ஊர். வென்றவர்கள் பிறகு அதன் மதிலையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். கடலோரத்தில் ஓர் ஊர் அழிந்ததற்கு இங்கே புல்வெளி நடுவே ஒரு பதக்கம்.

மேலே ஏறியது எப்படி என்று நிறையச் சொல்லியாயிற்று. இறங்கிய கதை சுருக்கம். 1822இல் குடும்பம் டியூக் பட்டத்தைப் பெற்றது. கடனும் பட்டத்துக்கு ஈடாக வளர்ந்தது. இரண்டாம் டியூக் கடன் வாங்கி நிலம் வாங்கினார், நிலத்தை வைத்து மறுபடி கடன் வாங்கினார். 1845 ஜனவரியில் விக்டோரியா அரசி விருந்தாளியாக வந்தபோது மாளிகையை இழைத்து இழைத்து அலங்கரித்தார். கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. 1848இல் கிறிஸ்டி நிறுவனத்தார் வந்து நாற்பது நாட்கள் ஏலம் போட்டார்கள். ஓவியம், வெள்ளிப் பாத்திரம், மதுப் புட்டி, தோட்டத்துச் சிலை எல்லாம் போயிற்று. வசூல் 75,562 பவுன். கடனுக்கு முன்னால் கொசுறு. ஷேக்ஸ்பியரின் முகம் என்று இன்று உலகம் நம்பும் ‘சாண்டோஸ்’ ஓவியம் 355 கினிக்குப் போனது அந்த ஏலத்தில்தான். பின்னால் லண்டன் தேசிய உருவப்பட அரங்கு தொடங்கியபோது அதன் முதல் படம் அதுவே. டியூக் 1861இல் லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்து ஹோட்டலில் இறந்தார்.

கடனைச் சுமந்தது மகன், நம் கதாநாயகர். 1847இலேயே அப்பாவிடமிருந்து சொத்து நிர்வாகத்தை எழுதி வாங்கி, நிலங்களை விற்றுக் கடனைக் குறைக்கத் தொடங்கினார். பிரபு குடும்பத்தில் அந்தக் காலத்தில் அதிகம் பேர் செய்யாத ஒன்றையும் செய்தார்: வேலைக்குப் போனார். 1853 முதல் 1861 வரை லண்டன்-வடமேற்கு ரயில்வேயின் தலைவர். பிறகு குடியேற்ற நாடுகளின் அமைச்சர். சொந்த நிலத்தில் ஒரு சின்ன ரயில் பாதையும் போட்டார். மண்ணை வெட்டி வழி போடுவது அவருக்குத் தெரிந்த தொழில் என்பதைக் கால்வாய்க் கதைக்காக நினைவில் வையுங்கள். ஆண் வாரிசு இல்லாமல் அவர் 1889இல் இறந்தபோது டியூக் பட்டமும் அவரோடு முடிந்தது. 1921இல் மாளிகை விற்பனைக்கு வந்தது. 1923 முதல் அது ஒரு பள்ளிக்கூடம். சீருடைப் பையன்களும் பெண்களும் வகுப்புக்குப் போகும் வழியில் மாளிகையின் தூண் வரிசையைக் கண்டுகொள்வதே இல்லை. தோட்டம் மட்டும் நேஷனல் டிரஸ்ட் பொறுப்பில், டிக்கெட் வாங்கிய எவரும் போகலாம். சுதந்திரத்தின் கோயிலில் பணம் கட்டி இரவு தங்கவும் முடியும்.

மறுபடி நம் டியூக்கிடம் வருவோம். 1874இல் அவருடைய மனைவி இறந்தார். மகள்கள் மூவர். அடுத்த ஆண்டு சென்னை கவர்னர் பதவி வந்தது, நல்ல சம்பளம். 1875 நவம்பரில் டியூக் பொறுப்பேற்றார். மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. டிசம்பரில் அவருடைய அரசாங்கம் முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியது. கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சண்டை அடுத்த இதழில்.